கைநாட்டும் கையெழுத்தும்

மனிதன் தானாக விரும்பிப் போகாத இடங்கள் உலகத்தில் மூன்று உண்டு: ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு. நாற்பத்தேழு வயது வரையில் இம்மூன்றின் வாசற்படியையும் மிதியாமல் காலந் தள்ளிவிட்டதைப் பற்றி நமக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்து வந்தது. 2023-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் அந்தி வேளையில், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், தாராசுரத்துக்கு அருகே, ஒரு மோட்டார் கார் அந்தக் கர்வத்தை ஒரே இடியில் பங்கப்படுத்தி, மூன்று இடங்களுக்கும் நம்மை அழைத்துச் சென்றது.

நடந்தது இவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டிருந்தோம். வலப்புறமுள்ள தெருவுக்குள் திரும்பும் சமயம் பின்னால் வந்த கார் இடித்தது. விழும்போது வலது கையை ஊன்றினோம். மணிக்கட்டு எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. நம்முடைய தொழிலோ தமிழ் வாத்தியார் தொழில். இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வந்த கை அது. தனியார் பள்ளிக்கூடமானபடியால், கை எழுதாத மாதங்களுக்குச் சம்பளமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள், முன்பின் தெரியாத ஒரு கனவான் ஆறு சாத்துக்குடிப் பழங்களுடன் வந்து, கட்டிலருகே மிகுந்த உரிமையுடன் உட்கார்ந்தார். நம்முடைய பெயர், வயது, சம்பளம், காரின் நம்பர் யாவும் அவருக்குத் தெரிந்திருந்தன. "அண்ணா, ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். பத்து லட்சம் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு. நூற்றுக்கு முப்பது எங்களுக்கு, மீதி உங்களுக்கு. இப்போது கையிலிருந்து ஒரு காசு தர வேண்டாம்" என்றார். நம்முடைய கையில் அச்சமயம் காசும் இல்லை. கையே கட்டுக்குள் இருந்தது.

பிறகு அவர் தம் பையிலிருந்து ஏழெட்டுக் காகிதங்களை எடுத்தார். ஒன்று வக்காலத்து; மற்றவை ஒன்றும் எழுதாத வெற்றுக் காகிதங்கள். வலது கைதான் கட்டுப் போட்டிருக்கிறதே என்று தயங்கினோம். "அதனால் என்ன? இடது கட்டை விரல் போதும்" என்று மை டப்பாவையும் திறந்து வைத்தார். வலியும், ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிய திகிலும் சேர்ந்த அந்த வேளையில், விரல் மையில் தோய்ந்தே விட்டது என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது நம் இல்லத்தரசி காப்பிக் கூஜாவுடன் உள்ளே நுழைந்தாள். விஷயத்தை ஒரே பார்வையில் தெரிந்துகொண்டு, "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தவர், வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வைப்பதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கனவான் காகிதங்களை மடித்துக்கொண்டு போய்விட்டார். சாத்துக்குடிகளையும் மறவாமல் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பின்னர் நமக்கு வேறொரு சங்கடம் ஏற்பட்டது. காரை ஓட்டிய பையன் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்த டிரைவர். நம்மைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவனும் அவனே. அவன் மீது நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? "போகட்டும், உயிர் பிழைத்தோமே" என்று வாளாவிருந்து விடலாமென்றே எண்ணினோம். ஆனால் மளிகைக் கடைக்காரரிடம் இந்த வேதாந்தம் செல்லுபடியாகவில்லை. ஒரு மாதம் கழித்து, நம்மிடம் முன்பு படித்த பையனொருவனுடைய தகப்பனார் சொன்னதன் பேரில், ஒரு வயோதிக வக்கீலைப் பார்க்கப் போனோம்.

அவருடைய அறையில் இருந்த பழைய மின்விசிறி சுற்றியதைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. மேஜை மீது கட்டுகள். சுவரில் காந்தியடிகளின் படம். அவர் தொகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காகிதங்களைத்தான் கேட்டார்: முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, எக்ஸ்ரே, ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்தபோது தந்த குறிப்பு, மருந்துக் கடை ரசீதுகள், சம்பளச் சான்று. ரசீதுகளையெல்லாம் ஒன்று விடாமல் ஒரு மஞ்சள் பையில் இல்லத்தரசி சேர்த்து வைத்திருந்தாள். கூட்டிப் பார்த்ததில் 96,000 ரூபாய் ஆயிற்று. "அசலை ஒருவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கொடுத்தாலும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

டிரைவர் பையனைப் பற்றிய நம் சங்கடத்தைச் சொன்னோம். அவர் சிரித்தார். "வாத்தியார் ஐயா, சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டியும் பிறருக்கு விளையும் தீங்குக்காக இன்ஷூரன்ஸ் செய்திருக்க வேண்டும் என்ற விதி நம் தேசத்தில் 1946 ஜூலை முதல் தேதியிலிருந்து இருந்து வருகிறது. இந்தக் காருக்கும் இருக்கிறது. பணம் கொடுக்கப் போவது கம்பெனி. அந்தப் பையனுடைய அடுப்பு அணையாது. போலீஸார் அவன் மீது தொடரும் வழக்கு வேறு, நீங்கள் கேட்கும் ஈடு வேறு" என்று விளக்கினார்.

இதற்கென்றே தனியாக நியாய ஸ்தலமும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று பெயர். 1956-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் ஏற்பட்ட முறை. இப்போது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட வேண்டுமென்பதில்லை; அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆனால் காலதாமதம் கூடாது. 1988-ல் ஆறு மாதக் கெடு வைத்தார்கள். 1994-ல் அதை நீக்கினார்கள். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் மறுபடியும் கொணர்ந்தார்கள். அது 2022 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதை ஆட்சேபித்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் உண்டு. "அவர்கள் போராடட்டும், நாம் கெடுவுக்குள் போட்டுவிடுவோம்" என்றார் வக்கீல்.

அடுத்தபடி பீஸைப் பற்றிக் கேட்டோம். நூற்றுக்கு எவ்வளவு என்று நாம் ஆரம்பித்ததும் அவருடைய முகம் மாறியது. கிடைக்கும் தொகையில் வக்கீல் பங்கு கேட்பதை இந்திய வக்கீல் சபையின் விதிகள் தடுக்கின்றன; 2017-ல் உச்ச நீதிமன்றமும், மோட்டார் விபத்து வழக்கொன்றில் எழுந்த பீஸ் தகராறிலேயே, அவ்வாறு பங்கு கேட்பது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்திருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் ஆள் விட்டு வழக்குப் பிடிப்பதும் அவ்விதமே தடுக்கப்பட்டது. அப்புறம் ஒரு காகிதத்தில் 25,000 ரூபாய், நான்கு தவணை என்று எழுதிக் கொடுத்தார். "இதுவும் உங்களால் இயலாதென்றால் சொல்லுங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி சட்ட உதவிக் குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கும், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும், அவர்களே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்" என்றும் சொன்னார். தமக்கு வரும் கட்சிக்காரரிடம் இலவச வக்கீலுக்கு வழி சொன்ன அந்த நிமிஷத்திலேயே, இவர்தாம் நம் வக்கீல் என்று தீர்மானித்துவிட்டோம்.

எல்லாம் ஆன பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "திரும்பும்போது கையைக் காட்டினீர்களா?"

நாம் பேசவில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. உண்மை என்னவென்றால், கையைக் காட்டவில்லை. தினந்தோறும் திரும்பும் தெருதானே என்ற அலட்சியம். இது வேறு யாருக்கும் தெரியாது. கார் அதிவேகமாக வந்ததென்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருந்தது, அதுவும் உண்மையே. "காட்டினோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் வகுப்பிலே எத்தனை பையன்களிடம் "உண்மையைச் சொல்" என்று பிரம்பைக் காட்டியிருக்கிறோம்! கடைசியில், "காட்டவில்லை" என்றோம்.

"நல்லது. வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைத்தால் நஷ்டம் மறைத்தவருக்குத்தான்" என்றார் அவர். பின்பு இரண்டு வழிகளை எடுத்துரைத்தார். யார் மீது தவறு என்று பாராமலே கிடைப்பது ஒன்று. புதிய திருத்தப்படி உயிர் போனால் 5 லட்சம், எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். மற்றது, உண்மையான நஷ்டம் முழுவதையும் கணக்கிட்டுக் கேட்பது. அதில் நம் பங்குத் தவறுக்கு ஏற்ப ஒரு பகுதியைக் கழிப்பார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம்.

கணக்கையும் போட்டுக் காட்டினார். மருத்துவக் குழு நம் கைக்கு 15 சதவீதம் ஊனம் என்று சான்று தந்தது. ஆனால் கையின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் சக்தியின் குறைவு வேறு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறதாம். அதே மணிக்கட்டு ஒரு தச்சருக்கு முறிந்தால் பிழைப்பே போகலாம்; சங்கீத வித்துவானுக்கு ஒன்றும் குறையாமலும் இருக்கலாம். வாத்தியாருக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டார். மாதச் சம்பளம் 18,000, வருஷத்துக்கு 2,16,000, நம் வயதுக்கு உரிய பெருக்கல் எண் 13, அதில் 8 சதவீதம் 2,24,640 ரூபாய். நான்கு மாதச் சம்பளம் 72,000. வைத்தியச் செலவு 96,000. வலிக்கும் துன்பத்துக்குமாக 60,000. ஆக மொத்தம் 4,52,640. பத்து லட்சம் எங்கே, நான்கரை லட்சம் எங்கே! நம் முகம் வாடியதைக் கண்டு, "பத்து லட்சம் வர வேண்டுமானால் 15 சதவீதத்தை 40 ஆக்க வேண்டும். அப்படிச் சான்று எழுதித் தருகிறவர்களும் தேசத்தில் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சான்றுடன் நாளைக்கு வகுப்பில் எந்தக் கையால் எழுதுவீர்கள்?" என்று கேட்டார்.

1920-ல் காந்தியடிகள் அழைத்தபோது மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாஸும் ராஜாஜியும் கோர்ட்டை விட்டு வெளியேறியதைத் தியாகமென்று கொண்டாடுகிறோம். கோர்ட்டுக்குள் இருந்துகொண்டே காந்தியடிகள் செய்தது அதற்குக் குறைந்ததல்ல. தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்கு. மத்தியஸ்தர்களின் கணக்கில் நேர்ந்த பிழை அவருடைய கட்சிக்காரருக்கு லாபமாக இருந்தது. பெரிய வக்கீல் வேண்டாமென்று தடுத்தும், அந்தப் பிழையைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டே அவர் வாதாடினார். கோர்ட்டார் பிழையை மட்டும் திருத்திவிட்டுத் தீர்ப்பை நிலைநிறுத்தினர். சத்திய சோதனையில் இதை அவரே எழுதியிருக்கிறார். வகுப்பிலே பல முறை சொன்ன கதைதான். அது நம் சொந்தக் காசைத் தொடும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

2024 ஜனவரியில் மனுப் போட்டோம். அப்புறம் நடந்தவை வாய்தாக்கள். அவற்றை வர்ணித்து நேயர்களின் பொறுமையைச் சோதிக்க மாட்டோம். 2025-ல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு அழைத்தார்கள். அங்கே முடிந்தால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமானம்; அதன் மேல் அப்பீல் கிடையாது. கம்பெனியின் வக்கீல் மூன்று லட்சத்தில் ஆரம்பித்தார். "சைக்கிள்காரர் கை காட்டினாரா?" என்று அவரும் கேட்டார். இல்லையென்றே சொன்னோம். அவர் ஒரு கணம் நம்மை உற்றுப் பார்த்தார். அதற்குப் பின் சம்பளச் சான்றையோ, மருந்து ரசீதுகளையோ அவர் சந்தேகிக்கவில்லை. 3,75,000 ரூபாயில் முடிந்தது.

தொகை வந்ததும் பீஸின் கடைசித் தவணையைச் செலுத்த வக்கீல் வீட்டுக்குப் போனோம். ரசீது எழுதிக் கொடுத்தார். கூட ஐந்தாயிரம் வைத்தபோது, "பேசியது பேசியதுதான், வாத்தியார் ஐயா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்து லட்சத்தில் தரகர் பங்கு போக ஏழு லட்சம் வந்திருக்குமே என்று இன்றும் சில சிநேகிதர்கள் நமக்காக வருத்தப்படுகிறார்கள். கையில் எழுத்தாணி பிடித்ததுபோல் ஒரு விறைப்பு எப்போதும் இருக்கிறது. கரும்பலகையில் எழுத்துக்கள் சற்றே வலப்புறம் சாய்கின்றன. ஆனாலும் அவை கையெழுத்துத்தான், கைநாட்டல்ல.

மற்றொன்றும் சொல்லி முடிக்கிறோம். இப்போது தாராசுரத்துத் தெருமுனையில் திரும்பும்போது தவறாமல் கையைக் காட்டுகிறோம். மணிக்கட்டு முன்போல் வளையாதபடியால், நீட்டிய கை பின்னால் வருகிறவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.