சித்தப்பாவின் வலப்பக்கம்

திங்கள்

சித்தப்பாவுக்குச் சென்னை ஜி.எச்.சில் படுக்கை கிடைத்துவிட்டது. சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் ஆஸ்பத்திரி. திருத்தணியிலிருந்து வருகிறவருக்கு இதைவிடத் தோது வேறில்லை. வலப்பக்க நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, காசநோயாக இருக்கலாம் என்கிறார்கள். ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

1664-இல் ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி இது. 1835-இல் மருத்துவப் பள்ளியும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து வைத்தியமும் பாடமும் ஒரே கட்டிலில்தான்.

செவ்வாய்

ரவுண்ட்ஸ். முன்னால் பேராசிரியர், பின்னால் மேற்படிப்பு படிக்கும் பி.ஜி.க்கள், வாலில் மாணவர்கள். “எத்தனை நாளா இருமல்?” என்று ஆளாளுக்குக் கேட்க, சித்தப்பா பதில் சொல்லியே களைத்துப்போனார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

எல்லாரும் போன பிறகும் ஒரு மாணவர் நின்றார். இடக்கை நடுவிரலை முதுகில் அழுந்தப் பதித்து, வலக்கை நடுவிரல் நுனியால் அதன்மேல் தட்டினார். மேலே காற்று நிறைந்த ஒலி. நீர் நிற்கும் இடத்தில் சுவரைத் தட்டியதுபோல் செத்த ஒலி. அந்த எல்லை மட்டும் பையனுக்குப் பிடிபடவில்லை. சித்தப்பா திரும்பாமலே சொன்னார்: “இன்னும் ரெண்டு விரக்கடை கீழ தட்டு தம்பி. பெரிய டாக்டர் அங்கதான் நிறுத்தினாரு.”

புதன்

காசநோய்தான். மாத்திரை தொடங்கியாயிற்று.

மாலையில் ஒரு பெண் பி.ஜி. வந்தார். மருந்து தொடங்கியபின் நீர் எவ்வளவு வேகமாக வற்றுகிறது என்று ஸ்கேனில் பார்ப்பது அவருடைய ஆய்வு. சம்மதப் படிவம் தமிழில்தான் இருந்தது. ஆனால் பத்திரம் எழுதுகிறவர் தமிழ். பாதியில் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தப் பெண் தாளை ஓரமாக வைத்துவிட்டு, கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பேசினார்.

“இதுல சேர்ந்தா மாத்திரை மாறுமா டாக்டரம்மா?”

“மாறாது ஐயா. ஸ்கேன் மட்டும் ரெண்டு தடவை கூடுதலா எடுப்போம். வேணாம்னு எப்ப வேணா சொல்லலாம், வைத்தியம் நிக்காது.”

கையெழுத்துப் போட்டார். படிவத்தால் ஆகாததைப் பேச்சு முடித்துவிட்டது.

வியாழன்

“என்னைத் தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பிடுவாங்களா?” என்று சித்தப்பாவுக்கு ஒரே பயம். காசநோய் என்றாலே சானடோரியம் என்கிற, அவர் அப்பா காலத்து நினைப்பு. அந்தக் காலம் முடிந்ததே இந்த ஊரில்தான் என்று விளக்கினேன்.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் வந்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பொறுப்பில், நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில்; மறு பாதி வீட்டிலேயே. ஓராண்டுக்கு இரு சாராருக்கும் ஒரே மருந்து. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சுகள். வீட்டிலோ நெரிசல், அரைவயிறு. மருந்தை விழுங்குகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரும் வாங்கிப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை கூடினார்கள், ஆனால் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. சிகிச்சை பற்றிய முடிவு 1959-இல் வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

சுவரோரம் பாய் போட்டுப் படுத்து, வந்தவரிடம் சிறுநீர்ப் பாட்டிலை நீட்டிய மனிதர்கள் அந்த முடிவுக்குப் பாதி சொந்தக்காரர்கள் என்பேன்.

சனி

டிஸ்சார்ஜ். ஆறு மாதம் மாத்திரை, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிற வேலை கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

பெரியாஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருக்கும்போது ஒரு மாணவர் தயங்கி வந்து நின்றால், உடம்பு தாங்குமானால் தட்டிப் பார்க்க விடுங்கள். தாளை நீட்டினால் மட்டும், எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.