கல்லெறியத் தெரியாத கல்

ஜியோடூட் ஒரு பாறாங்கல். முறைக்கிற ரெண்டு கண், தூக்கிக் காட்டுற ரெண்டு கை. கால் கிடையாது. 1996இல் ஜப்பானில் முதல்ல வந்த பொகெமொன் கேம்ல இருந்தே இந்த ஆள் இருக்கார். நாங்க பிறக்கிறதுக்கு முன்னாடி வந்த கேம். ஆனா இப்பவும் போன்ல எமியுலேட்டர் போட்டு அந்தப் பழைய ‘ரெட்’ விளையாடுற பசங்க எங்க மொனராகலைப் பக்கம் நிறைய.

ஜியோடூட் பயமுறுத்த வந்த பூதம்தான். ஆனா பாவம். மலைப்பாதையில கிடக்கும்போது ஆட்கள் சும்மா கல்லுன்னு நினைச்சு மிதிச்சிட்டுப் போவாங்களாம். கேமே அப்படித்தான் அறிமுகம் செய்யுது. அது கல்லெறிஞ்சா 100க்கு 65 தடவைதான் படும். அதையும் 16ஆவது லெவல்லதான் கத்துக்கும். முதல் ஜிம் தலைவர் புரொக், கல் பொகெமொன்களுக்கே பேர் போனவர். அவர் வச்சிருக்கிற ஜியோடூட் 12ஆவது லெவல். கல்லுக்கே மாஸ்டர், ஆனா அவர்கிட்ட கல்லெறிய ஆளில்லை!

லயத்துலயும் கல்லெறியிற ஒருத்தர் உண்டு. ராத்திரி தகரத்துல ‘டொக்’னு ஒரு கல் விழும். அப்பாயி உடனே, “முனி போறார், வாயை மூடிட்டுப் படு” என்பார். பாதி நாள் அந்த முனி மேல் லயத்துப் பொடியன்தான், எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஆறு மணிக்கு மேல பீலிக்குத் தனியாப் போகக் கூடாதுன்னு சட்டம் வர்றது பொம்பளப் பிள்ளைகளுக்கு மட்டும்.

மூணாவது ஒன்று இருக்கு. அதுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. மொனராகலையில இருந்து வெல்லவாய வழியா மேல ஏறினா கொஸ்லந்தை வரும். அங்கேதான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில மலை சரிஞ்சு லயங்களை மூடிச்சு. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பிச்சாங்க. அவங்கள்ள சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை.

கேம்ல ஜியோடூடை வீழ்த்துறது ரொம்ப ஈசி. தண்ணி அடிச்சாப் போதும், நாலு மடங்கு அடி விழும். எங்க மலையில இது தலைகீழ். தண்ணி இறங்க இறங்கத்தான் கல்லுக்கு உயிர் வருது.

இன்னொரு வித்தியாசம், கேம்ல அது ஒரு அடி அடிச்சா அடுத்தது நம்ம முறை. நின்னு யோசிக்கலாம். மலை அப்படிக் காத்திருக்காதுன்னு சொல்லலாம். ஆனா மீரியபெத்தையில காத்திருந்திச்சே! இந்த இடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை வந்திருந்திச்சு. முறை நம்ம பக்கம் இருந்த காலம் அது. ஆனா லயத்து ஆள் எங்கே போவார்? காம்பராவும் தோட்டத்தோடது, அது நிற்கிற நிலமும் தோட்டத்தோடது. “எழும்பிப் போங்க”ன்னு சொல்றவங்க, போய் இருக்க ஒரு துண்டுக் காணியும் காட்டணும்.

ஜியோடூடைப் பார்த்துச் சிரிப்போம். முனியையும் கிண்டல் பண்ணலாம், அப்பாயி காதுல விழாம. ஆனா சுவர்ல புது வெடிப்பு, சாயத் தொடங்கிற மரம், திடீர்னு கலங்கி வர்ற ஊத்து, இதெல்லாம் கண்டா முனி மேல பழியைப் போட்டுட்டுப் படுக்காதீங்க. உடனே நாலு பேருக்குச் சொல்லுங்க, கிராம சேவகருக்கும் சொல்லுங்க. காணி கேட்கிற கடிதத்தையும் அன்னைக்கே எழுதுங்க.