சக்கரம் திரும்பிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் கழிந்த வாரத்தில், கிழக்கு வெளுக்கும் முன்பே பத்துபஸ்தியிலிருந்து நண்பரும் நாமுமாக மிதிவண்டிகளில் புறப்பட்டோம். அந்தமான் பெருவழிச் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, வடக்கே திக்லிப்பூரை அடைவது எங்கள் திட்டம். 1923இல் பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி இளைஞர்களுள் மூவர், மிதிவண்டியில் உலகைச் சுற்றி 1928இல் திரும்பிய வரலாற்றைப் படித்தது முதல் நண்பருக்கு ஒரு வைராக்கியம். "கடற்கழிகளைத் தவிர வேறெங்கும் வண்டியைப் பேருந்தில் ஏற்றலாகாது, அண்ணே" என்பார்.

கராச்சர்மாவைக் கடந்து சிப்பிகாட்டை அடைந்ததும் அவர் இறங்கிவிட்டார். சாலையோரம் உப்புநீர் பரந்து கிடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வந்து மீண்டது. தாழ்ந்த வயல்களில் புகுந்த கடலோ மீளவில்லை. அந்நீரின் அடியில்தான் நண்பரின் தந்தையாரது நெல்வயலும் கிடக்கிறது. இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர், கூலி வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலம் அது.

"அதோ, அந்தப் பட்ட மரத்தை ஒட்டித்தான் எங்கள் வரப்பு" என்று கை நீட்டினார் நண்பர். இன்றும் பேருந்தில் இவ்வழியே செல்லும்போது தந்தையார் மறுபுறம் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். வயலின் பேச்சை வீட்டில் எடுப்பதே இல்லையாம். நமக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

பெரார்கஞ்சில் கட்டிவந்த புளிச்சோற்றை உண்டு, நண்பகலில் ஜிர்க்காடாங் சோதனைச்சாவடியை அடைந்தோம். அப்பால் ஜாரவா பழங்குடியினரின் காடு. மிதிவண்டியில் செல்ல அனுமதியில்லை. வேண்டுமானால் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, காவலுடன் செல்லும் வண்டி வரிசையில் போகலாம் என்று காவலர் தன்மையாகவே கூறினார்.

நண்பருக்குச் சினம் மூண்டது. "ஊருக்குப் பொதுவான சாலைதானே?" என்று வாதாடினார். அக்காட்டினூடே செல்லும் சாலைப் பகுதியை மூடிவிடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதையும், அதன் பின்னரும் போக்குவரத்து ஓயாததையும் எடுத்துச் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் ஒரு மரநிழலில் போய் அமர்ந்தார். வண்டி வரிசை புறப்பட்டுச் சென்றது. நெடுநேரம் கழித்து மெல்லச் சொன்னார்: "எங்கள் வயலுக்குள் கடல் கேளாமல் வந்தது, அண்ணே. இவர்கள் காட்டுக்குள் சாலையும் அப்படித்தானே வந்திருக்கிறது? நான் திரும்பிவிடுகிறேன்."

பேருந்து ஏறுவது குற்றமன்று; பிழைப்புக்காக அன்றாடம் அவ்வழியே செல்வோர் நம்மவரிலும் பலர். நாங்கள் சென்றதோ பொழுதுபோக்குக்காக. ஆகவே நாமும் வண்டியைத் திருப்பினோம்.

இத்தீவுகளில் தை மாதத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் மாலை மங்கிவிடும். பத்துபஸ்தியை அடைந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. வாசலில் காத்திருந்த தந்தையார், ஒரே நாளில் திரும்பியது ஏன் என்று கேட்டார். நண்பர் நடந்ததைச் சொன்னார். சிப்பிகாட்டில் இறங்கி நின்றதையும் மறைக்கவில்லை.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மரம் இன்னும் நிற்கிறதா, தம்பி?" என்று கேட்டார்.