வெசாக் வாரக் குறிப்புகள்

21.05.2024, செவ்வாய், வெள்ளவத்தை

பேத்தி பிளாஸ்டிக் வெசாக் கூடு ஒன்றை வாங்கி வந்து பல்கனியில் மாட்டினாள். மடித்து வைத்து அடுத்த வருடமும் பாவிக்கலாமாம். நான் படித்த மியூசியஸ் பௌத்தப் பள்ளிக்கூட ஹொஸ்டலில் நாங்கள் கட்டியவை அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும். மூங்கிலைப் பிளந்து மெல்லிசாகச் சீவி, நூலால் எட்டுப்பட்டைக் கூடாகக் கட்டி, டிசு பேப்பர் ஒட்டுவோம். கோதுமைமாப் பசை பழைய பால்மா டின்னில் கொதிக்கும். பசை தண்ணியாகிவிட்டால் சாயம் இளகி விரலெல்லாம் சிவப்பு. மெழுகுதிரியை நேராக நிறுத்துவதில்தான் கெட்டித்தனம். கொஞ்சம் சரிந்தாலும் கூடு சாம்பல்.

1956 புத்த ஜயந்தி வருடம். அந்த வெசாக்குக்கு விறாந்தை முழுக்கக் கூடுகள். அடுத்த மாதமே பாராளுமன்றத்தில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. ஹொஸ்டலில் யாரும் அதைப்பற்றித் தமிழ்ப்பிள்ளையான என்னிடம் வாய் திறக்கவில்லை. அதை அன்பென்று எடுப்பதா, கூச்சமென்று எடுப்பதா, இன்றைக்கும் தெரியவில்லை.

22.05.2024, புதன்

கொட்டாஞ்சேனையில் மச்சாள் வீடு. போகிற வழியில் தீபதுத்தாராமய விகாரை, வாசலெல்லாம் கொடி. பௌத்த கொடி 1885 ஏப்ரல் 28இல் முதன்முதலாக ஏறியது இங்கேதான். வெசாக் அரச விடுமுறையானதும் அந்த வருடம்தான். 1883இல் ஈஸ்டர் அன்று இதே கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலவரமானது. அந்த முறைப்பாட்டோடு லண்டன் வரை போனவர் பௌத்தரான அமெரிக்கர் ஒல்கொட். சாந்த லூசியா கோயில் மணியைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதெல்லாம் ஹொஸ்டலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

23.05.2024, வியாழன், வெசாக்

சில் என்னும் விரதம் எடுப்பவர்கள் வெள்ளை உடுத்தி, பகல் 12க்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள். ஹொஸ்டலில் எனக்கு அது கட்டாயமில்லை. "பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் போதும்" என்று மேட்ரன் அம்மாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் பின்னேரம் சில்காரருக்குக் கொடுக்கும் வெறுந்தேத்தண்ணியிலும் கித்துள் கருப்பட்டியிலும் எனக்கு ஒரு கண். அதற்காகவே ஒருமுறை நானும் சில் எடுத்தேன். இரவு எட்டு மணிக்கெல்லாம் வயிறு கத்தத் தொடங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில் காலிப்பிள்ளை, என்னைவிட ஒரு வகுப்பு மேல், தலையணைக்குக் கீழிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். தான் தொடவில்லை. "நங்கி (தங்கச்சி), உனக்குப் பாவம் பிடிக்காது, நீ பிள்ளையாரின் ஆள்" என்றாள்.

இன்று பன்சலைக்குப் போக முன் அவளே போன் எடுத்தாள். நான் இன்னும் நங்கிதான். முழங்கால் வலியாம், கதிரையில் இருந்துதான் சில் எடுக்கிறாளாம்.

25.05.2024, சனி

"அம்மம்மா, சைவப்பிள்ளையை ஏன் அங்கே விட்டவை?" என்று பேத்தி கேட்டாள். அப்பாவுக்கு அப்போது நானுஓயா ஸ்டேசனில் வேலை. ஹொஸ்டல் இல்லாமல் வழியில்லை. மிஷன் பள்ளிக்கூடமென்றால் வேதப்பாடத்துக்கு உட்கார வேண்டும் என்று பயம். பௌத்தப் பள்ளியான ஆனந்தாக் கல்லூரியிலேயே நம்முடைய சுந்தரலிங்கம் உப அதிபராக இருந்தவர் என்று சொல்லிச் சொல்லி அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைத்தாராம்.

மேரி மியூசியஸ் ஹிகின்ஸ் என்ற ஜெர்மன் அம்மையார் 1891இல் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகத் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. மணி, மேட்ரன், நகம் பார்ப்பது எல்லாம் மிஷன்காரரின் அச்சு. பைபிள் இருந்த இடத்தில் பஞ்சசீலம். நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் செய்ததும் இதைத்தான். கொப்பியடித்தது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். விபூதியை அழிக்காமல் நான் இங்கிலீஷ் படித்தது அந்தக் கொப்பியால்தான்.