பட்டனுக்குப் பின்னால்

நாமே பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர் உயிர்பெறவில்லை என்றால் விரல் பவர் பட்டனை விட்டு நகராது. விட்டுவிட்டு அழுத்துவோம், அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்தப் பட்டனுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இத்தனை பதற்றம் இருக்காது.

பழைய ஏ.டி. மெஷின்களில் பட்டன் வரைக்கும் 230 வோல்ட் வந்து நிற்கும். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் முறை அதை மாற்றியது. இப்போதுள்ள பட்டன் மதர்போர்டுக்குச் சேதி சொல்வதோடு சரி. சுவர் ஸ்விட்சைப் போட்ட கணத்திலிருந்தே, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ், ஊதா ஒயர் வழியாக 5 வோல்ட்டை போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு மின்சாரத்தில் விழித்திருக்கும் போர்டு, பட்டன் அழுந்தியதும் பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்க்கும். அதற்குப் பிறகே எஸ்.எம்.பி.எஸ் முழுதாக இயங்கும். வோல்டேஜ் நிலைப்பட்டதும் சாம்பல் நிற ஒயரில் 'எல்லாம் சரி' என்று பதில் வரும். அது வராமல் ப்ராசசர் வேலையைத் தொடங்காது. (எல்லா ஒயரும் கறுப்பாக வரும் எஸ்.எம்.பி.எஸ் என்றால் பின் எண்ணைப் பார்க்க வேண்டும்: ஊதா 9, பச்சை 16, சாம்பல் 8.) செத்துக் கிடப்பதுபோலத் தெரியும் மெஷினில், இந்தப் பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்பதே கேள்வி.

அண்ணன் மகன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்த மெஷின் இப்படித்தான் நின்றது. பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் அந்த அசைவும் இல்லை. சுவர் ஸ்விட்சை அணைத்துச் சற்று நேரம் விட்டுப் போட்டால் மீண்டும் அதே அரைச் சுற்று. "போர்டு போயிடுச்சு சித்தப்பா. நாளைக்கே மாத்திட்டு வந்துடறேன்" என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பல மாதம் சேர்த்த பணம்.

அந்த அரைச் சுற்றைத்தான் நான் நம்பினேன். எஸ்.எம்.பி.எஸ் அடியோடு செத்திருந்தால் அதுகூட இருக்காது. எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்.எம்.பி.எஸ் அதைக் கண்டுபிடித்துத் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. ப்ராசசருக்கான 8 பின் ஒயர், ராம் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததா, முன்பக்க ஒயர்கள் சரியான பின்னில் இருக்கின்றனவா என்று பார்த்தோம். எல்லாம் சரி. பவரைப் பிடுங்கிவிட்டு போர்டைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தோம். ப்ராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம் தவிர மற்றதெல்லாம் ஓரமாகப் போயிற்று. எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டி, பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் தொட்டதும் கூலர் ஃபேன் நிற்காமல் சுற்றியது.

ஆக, சண்டை கேபினட்டோடு. டார்ச் அடித்துப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது. சிறிய மைக்ரோ ஏ.டி.எக்ஸ் போர்டுக்கென்று முன்பே முடுக்கியிருந்த, போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப் ஒன்று, இந்த முழு அளவு போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்று, அடிப்பக்க ஈயப் பற்றுகளை முட்டிக்கொண்டிருந்தது. விரலால் திருகியே எடுத்தான்.

கோளாறு என்றதும் எதையாவது புதிதாக வாங்கி மாட்டத் தோன்றுகிறது நமக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கழற்ற வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டால், மெஷின் ஓடினாலும் எது காரணம் என்று தெரியாமலே போகும். நல்ல போர்டுகள் எத்தனையோ இப்படிக் காரணமில்லாமல் கடைக்குத் திரும்பிப் போகின்றன. ஒன்றை மட்டும் வீட்டில் கழற்றக் கூடாது: எஸ்.எம்.பி.எஸ்ஸின் மூடி. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதை வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

திரும்ப எல்லாவற்றையும் மாட்டி பட்டனை அழுத்தினான். ஃபேன்கள் சுற்றின, திரை மட்டும் கறுப்பு. மறுபடி பட்டனுக்குப் போன அவன் கையைத் தடுத்தேன். டி.டி.ஆர்.5 ராம் போட்ட புது போர்டு முதல் தடவை ராமோடு வேகத்தைச் சரிபார்த்துப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்று எழுதிய இடத்தில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணைந்து பயாஸ் திரை வந்ததும், ஓ.எஸ் ஏற்றி வைத்திருந்த பென் டிரைவைத் தேட ஆரம்பித்தான்.