துளையின் விளிம்பு

கோடை முற்றியதும் கோவில்பட்டிக் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஐப்பசி மழை இறங்கியதும் மண் நீரை உண்டு பருத்து, பிளந்த வாயைத் தானே மூடிக்கொள்கிறது. உலோகத்திற்கு அந்தப் பேறு இல்லை. அதில் விழுந்த விரிசல் வளருமேயன்றி மூடாது. விமானம் செய்வோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

பெருந்தொழிற்சாலைகளில் மட்டுமே விமானம் உருவாவதில்லை. மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தை உருவாக்கி, 2016ஆம் ஆண்டு பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். வீட்டிலேயே விமானம் செய்வோர் உலகெங்கும் உள்ளனர். உலோக இறக்கை செய்யும்போது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுடைய அலுமினியத் தகட்டை, விலா எலும்பு போன்ற சட்டங்களோடு ஆயிரக்கணக்கான தறையாணிகளால் பிணைப்பர். பட்டறைகளில் இவ்வாணியை ரிவிட் என்பர்.

ஆணியின் தலை புடைத்து நின்றால் என்ன நேரும்? பிரிட்டனின் ஸ்பிட்பயர் போர் விமானம் 1936இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் தட்டையான ஆணித்தலைகள்மீது உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தனர். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் வரை குறைந்தது. பருப்பளவு மேடும் காற்றைத் தடுக்கும் என்பது புலனாயிற்று.

எனவே ஆணித்தலை தகட்டினுள் படிந்து அமர வேண்டும். அதற்கேற்பத் துளையின் வாயைக் கூம்பாக்க இரு வழிகள் உண்டு. தடித்த உலோகத்தைச் சரிவாகக் கடைந்தெடுக்கலாம். மெல்லிய தகட்டையோ, முனையுள்ள அச்சுக்கும் குழியுள்ள அச்சுக்கும் இடையே வைத்து அழுத்திக் குழிக்க வேண்டும். அதைக் கடைந்தால் துளையின் விளிம்பு கத்திமுனையாகிவிடும். விரிசல் அங்கே பிறக்கும்.

1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய்த் தீவுகளின் மேலே அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரை சுமார் 18 அடி நீளத்திற்குப் பிய்ந்து சென்றது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளை இணைத்திருந்த பசை விட்டுப்போனதால் சுமை ஆணிகளின்மேல் ஏறியது. கடைந்த துளைகளின் கூரிய விளிம்புகளில் தோன்றிய சிறு விரிசல்கள் ஒன்றோடொன்று கைகோத்தன.

ஆகவேதான் துளையிட்டதும், குழிப்பதற்கு முன், விளிம்பில் எஞ்சும் பிசிறை நீக்க வேண்டும். கைக்கருவியை மெல்ல ஓரிரு சுற்றுச் சுழற்றினால் போதும். மிகுதியாகச் சுரண்டினால் விளிம்பே மெலிந்துவிடும். பின்னர் விரல்நுனியால் தடவிப் பார்த்து அடுத்த துளைக்குச் செல்ல வேண்டும். ஒரே செயலை ஆயிரம் முறை பிழையின்றிச் செய்வதன் அருமையைத் தீப்பெட்டித் தொழிலில் பழகிய கோவில்பட்டிக் கைகள் நன்கறியும்.

வண்ணம் பூசியபின் எந்தத் துளை செம்மையானது, எது அவசரத்தில் விடப்பட்டது என்பது காண்போர்க்குத் தெரியாது. செய்தவர் மட்டுமே அறிவார். அவ்விறக்கையை நம்பி முதலில் வானேறுபவரும் பெரும்பாலும் அவரே.