கானாடுகாத்தான் கும்பகர்ணன்

"மாசத்துக்கு ஒரு தடவை போய் ஸ்டார்ட் பண்ணிட்டு வாடா, போதும்" என்று சிங்கப்பூரிலிருந்து நண்பன் போனில் சொன்னபோது, இதில் என்ன கஷ்டம் இருக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். பஸ் செலவு அவனுடையது. மதியச் சாப்பாடும் அவன் கணக்கு. பி.காம். படித்துவிட்டு, நாலு கடைக்குக் கணக்கெழுதி, மீதி நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொண்டிருப்பவனுக்குக் கசக்குமா?

திருச்சியிலிருந்து காரைக்குடி பஸ். புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டை ஜன்னலோரமாக வந்து போனதும் பையைத் தூக்கிக் கொண்டு எழுந்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் கானாடுகாத்தான் விலக்கு. இறங்கி நடந்தால், தெருவுக்கு ஒரு அரண்மனையாக நிற்கிறது ஊர். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி ஓடு பதித்த தரை... எல்லாம் இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. பாதி வீடுகளின் பூட்டு கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் திறக்கும்.

நண்பன் வீடும் அப்படித்தான். காவலுக்கு ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும். பின்கட்டுக் கொட்டகையில், போர்வை போர்த்திக் கொண்டு, ஒரு டீசல் அம்பாஸடர். நண்பனின் அப்பா 1996-ல் வாங்கியது. அவர் 2021-ல் தவறிய பிறகு வண்டியை விற்க ஆச்சி சம்மதிக்கவில்லை. ஆர்.சி.யை மட்டும் ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருந்தார்கள்.

2022 ஐப்பசியில் முதல் விஜயம். சாவியைத் திருகினேன், உறுமியது. ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். பெரியவரைக் குஷிப்படுத்த ஆடியோவில் பாட்டு வேறு. பிறகு அணைத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். கார்த்திகையில் இரண்டாம் விஜயம், கொஞ்சம் தயங்கிக் கிளம்பியது. மார்கழியில் நான்கு தடவை முனகி, ஐந்தாவதில் எழுந்தது. பனிக்காலம், அதற்கும் குளிர் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

தையில் படைப்பு. சிங்கப்பூரிலிருந்து ஆச்சி வந்தார். எண்பதை நெருங்குகிற வயசு. சாமி கும்பிட்டு முடித்து, பிள்ளையார்பட்டிக்கு இந்த வண்டியில்தான் போவேன் என்று பின் சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாவியைத் திருகினேன்.

"டக்."

அவ்வளவுதான். இன்னொரு தடவை. "டக்." டாஷ்போர்டு விளக்கு திண்ணை விளக்கு மாதிரி மங்கியது. பங்காளிகள் நாலு பேர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு தெருக்கோடி வரை தள்ளினார்கள். வண்டி ஒரு தடவை இருமியது, நின்றது. பட்டு வேட்டிகளெல்லாம் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

ஆச்சி திட்டவில்லை. "ஹாரனை மட்டும் அடி தம்பி" என்றார். அடித்தேன். கிழட்டு எருமை முனகுகிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் பாதியில் செத்தது.

"செட்டியார் தெரு திரும்பறப்ப ஹாரன் அடிப்பாக. அதைக் கேட்டுத்தான் அடுப்புல காபித் தண்ணி வைப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஆட்டோவில் ஏறிவிட்டார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பேட்டரியைக் கழற்றிக் கொண்டு காரைக்குடிக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் பேட்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிலை ஊதிவிட்டார். ஆட்டோவில் காலிடுக்கில் வைத்துக் கொண்டு போனேன். என் புது பேண்ட்டில் முழங்காலுக்குக் கீழே இன்றைக்கும் இருக்கிற இரண்டு ஓட்டைகள் அன்றைய கந்தக அமிலத்தின் ஞாபகார்த்தம்.

வழியில் 'சிக்ரி'யின் வாசல். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். உள்ளே பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. வெளியே நான், செத்த பேட்டரியைக் கட்டிக் கொண்டு ஆட்டோவில்! திருப்பதி அடிவாரத்தில் நின்று கொண்டு மொட்டையடிக்க ஆள் தேடுகிற கதை. இறங்கி உள்ளே போய்க் கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. செக்யூரிட்டியின் மீசையைப் பார்த்து அந்த யோசனையைக் கைவிட்டேன்.

பேட்டரிக் கடை அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தார். "11.4 வோல்ட். நல்லா நிறைஞ்சிருந்தா 12.6-க்கு மேல காட்டணும். 12.2 வந்தாலே பாதி காலி தம்பி. நீங்க என்ன பண்ணீங்க?"

"மாசா மாசம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணினேன்ணே..."

"அதான் கெட்டுது!" என்று சிரித்தார். என்னோடு ஆட்டோவில் வந்து வண்டியையும் பார்த்தார். வேறு பேட்டரியை வைத்து, நெகடிவ் வயருக்கு நடுவே மீட்டரைக் கோத்தார். எல்லாம் அணைந்திருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் ஓடிக் கொண்டிருந்தது. பின்னாளில் மாட்டிய ஆடியோவின் வேலை. சும்மா இருக்கும்போதும் மணி காட்ட வேண்டுமாம்.

இங்கேதான் என் பி.காம். விழித்துக் கொண்டது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி. மாதத்துக்கு 15. பேட்டரியின் மொத்த இருப்பு 60. மூன்றே மாதத்தில் 45 காலி! இது போக, எந்த வயரும் மாட்டாமல் மூலையில் வைத்தாலும் இந்த வகை பேட்டரி தானாகவே மாதத்துக்குச் சில சதவீதம் இறங்கும். சூடு கூடக் கூட வேகமாக இறங்கும். செட்டிநாட்டு வெயிலுக்குக் கேட்க வேண்டுமா? மினிமம் பாலன்ஸ் இல்லையென்று பேங்க் பிடித்துக் கொள்வதைப் போலத்தான்.

நான் செய்த ஐந்து நிமிட சேவை? ஸ்டார்ட்டர் ஒரு இழுப்புக்கு நூறு, இருநூறு ஆம்பியர் வாங்கும். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சின் அதைத் திருப்பிக் கட்டவே சரியாகப் போகும். மாதம் பூராவும் கசிந்ததை யார் கட்டுவது? முக்கால் மணி, ஒரு மணி நேரம் ரோட்டில் ஓட்டினால் ஏதோ கொஞ்சம் ஏறும். நான் வட்டிக்கு வாங்கி வட்டி கட்டிக் கொண்டிருந்திருக்கிறேன்.

"இறங்கின பேட்டரியை அப்படியே போட்டு வச்சா உள்ளே தகட்டுல சல்ஃபேட் படியும். புதுசா படிஞ்சது சார்ஜ் போட்டா கரைஞ்சிடும். நாள் ஆனா கல்லு மாதிரி இறுகிடும்" என்றார் அண்ணன்.

புரிந்துவிட்டது. முதலாவது பாக்கி, இரண்டாவது வாராக்கடன்! 2020 ஊரடங்கில் எங்கள் காலனியில் வரிசையாகக் கார்கள் மண்டையைப் போட்டதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

நம்முடையது வாராக்கடன் ஆகிவிட்டிருந்தது. இரண்டு நாள் சார்ஜ் போட்டுப் பார்த்தும் தேறவில்லை. புது பேட்டரி வாங்கினோம். நண்பனுக்கு பில்லை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் வந்தது.

இந்தத் தடவை முறைப்படி. கொட்டகையில் ஃப்ளோட் சார்ஜர் ஒன்று. நிறைந்ததும் 13.5 வோல்ட் வாக்கில் இறங்கி, தாலாட்டுகிற மாதிரி வைத்துக் கொள்ளும். பழைய ரக சார்ஜரை இப்படி நாள் கணக்கில் மாட்டி வைத்தால் தண்ணீர் கொதித்துக் காய்ந்துவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் கொட்டகை ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார் அண்ணன், பீடிக்கும் தடை போட்டார். பெரியவருக்கு இரண்டாவதுதான் வருத்தம்.

கரண்ட் நாள் கணக்கில் போய்விட்டால் நெகடிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும் என்றும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம். முதலில் நெகடிவ்தான். பாசிடிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் தீபாவளி. மாட்டும்போது நெகடிவ் கடைசி. அவர் இதை மந்திரம் மாதிரி சொல்லிப் பழகினார். தண்ணீர் குறைந்தால் வளவில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றலாமா என்றும் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

எல்லாம் சரி, பங்காளிகளிடமிருந்து ஒரு ஆட்சேபணை வந்தது. கூட்டு வீடு, கூட்டு மீட்டர். ஒருத்தர் கார் குடிக்கிற கரண்டுக்கு எல்லோரும் எப்படிப் பணம் கட்டுவது? வாட்ஸ்அப்பில் காரசாரமாகப் போனது. ஐந்து வாட் வீதம் மாதம் பூராவும் ஓடினாலும் நாலு யூனிட்கூட வராது என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். அதற்கப்புறம் சத்தமில்லை. படித்த படிப்புக்குக் கிடைத்த ஒரே மரியாதை.

2024 தை. ஆச்சி மறுபடி வந்தார். பட்டு வேட்டிகள் இரண்டு பேர் முன்ஜாக்கிரதையாக மடித்துக் கட்டிக் கொண்டே நின்றார்கள். நான் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன், 12.7. ஒரே திருகு. உறுமியது!

பிள்ளையார்பட்டி போய்விட்டுத் திரும்பும்போது தெருமுனையில் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஹாரன்..."

அடித்தேன். தெருவே அதிர்ந்தது. கோடியில் இருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

"ரெண்டு தடவை அடிக்கணும்" என்றார் ஆச்சி. "ஒரு தடவைன்னா அது பால்காரன்."